ஐந்து விரலுக்கு ஆறு டப்பா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அண்ணன் சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். அடைப்புக்குறியைத் திறந்த பிள்ளை அதை மூட மறந்தால் நான் போடும் சத்தம் அடுத்த கட்டடத்தில் கணக்கு நடத்துகிறவருக்குக் கேட்கும். அவர் தன் வகுப்பில், "யாரோ மூடலை போல" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வாராம்.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாலே எதிர்வீட்டில் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண் வாயே திறக்க மாட்டாள். பசித்தால் வந்து பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். அவள் படிப்பது என் பள்ளியில், என் வகுப்பில். வீட்டில் நான் அத்தை, பள்ளியில் மிஸ். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மியூட். டிவி ரிமோட்டில் இருக்கிறதே, அந்த மியூட்.

அவளுக்கு என் பாடம் என்றால் உயிர். ஆனால் எங்கள் செய்முறைத் தேர்வு இருக்கிறதே, அதில் புரோகிராம் எழுதினால் மட்டும் போதாது. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் நின்று, எழுதியது எப்படி ஓடுகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த வாய்மொழிப் பகுதியில் தேறாதவர்களுக்கு மேல் வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவு கிடையாது. அண்ணன் இதைக் கேட்டதும் முடிவு கட்டிவிட்டான். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து கேள்வி கேட்டாலே உறைந்து போகிற பெண்ணுக்கு இது எதற்கு, பேசாமல் வேறு பிரிவில் சேர்த்துவிடலாம் என்றான். நான் ஒரு மாதிரி சண்டை போட்டு, தேர்வு முடியட்டும், தேறாவிட்டால் உன் இஷ்டம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். அவள் அப்போது கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு என்னிடம், "எனக்கு இதுதான் வேணும் அத்தை" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப் பேச்சு.

எங்கள் லேப்பில் கம்ப்யூட்டர்கள் பதினொன்று. உயிரோடிருப்பவை எட்டு. அதிலும் ஒன்றுக்கு ஸ்பேஸ் பட்டனை ஆணியடிப்பதுபோல் குத்த வேண்டும். அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம்: புரோகிராமை முதலில் தாளில் எழுது, கையாலேயே ஓட்டிப் பார், சரியாக வந்தால்தான் மெஷின் முன்னால் உட்கார். புரோகிராமில் எண்களைப் போட்டு வைக்கிற இடங்களுக்கு நான் டப்பா என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெளியே பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே ஓர் எண் இருக்கும், புது எண் போட்டால் பழையது போய்விடும். கையால் ஓட்டுவது என்றால், ஒவ்வொரு வரியிலும் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போவது.

மியூட் பள்ளிக்கு வருவது பஸ்ஸில். நின்றுகொண்டே வருகிறவளுக்குக் கட்டம் போட இடம் ஏது? அவள் விரலில் ஓட்டப் பழகிக்கொண்டாள். இடது கையின் ஐந்து விரலும் ஐந்து டப்பா. வலது கை ஆள்காட்டிவிரல் புரோகிராமின் வரிகளில் மேலிருந்து கீழே இறங்கும். ஒரு டப்பாவில் எண் மாறினால் அந்த விரலை ஒரு தட்டு, புது எண்ணை உதட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு. எழுதிப் பார்க்கிறவர்கள் பாதி வழியில் இருக்கும்போது இவள் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், அவளிடமிருந்து அடுத்தவன். வகுப்பில் ஒருத்தருக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் பிடிக்குமே, அப்படிப் பிடித்துக்கொண்டது. நான் பேசாமல் இருந்தேன். விடை சரியாக வந்துகொண்டிருந்தது, கட்டம் போடும் தாளும் மிச்சம்.

தேர்வன்று வந்த தேர்வாளர் இன்னொரு பள்ளியின் ஆசிரியர். தடிக் கண்ணாடி. வாசலில் கால் வைத்ததுமே பிள்ளைகள் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரலை உயர்த்தாத, சிரிக்காத, நாற்காலியில் உட்காராத மனிதர். சொந்தக்காரப் பிள்ளை தேர்வு எழுதினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. நானே போய், நடு மேசையில் உட்காரப்போகிறவள் என் அண்ணன் மகள் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முதல் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். கேள்வி ஒன்றும் பயங்கரமானது இல்லை. கொடுக்கிற எண்களில் பெரியது எது, அது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் எழுதினார்கள். எழுதி முடித்ததும் மியூட் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். டக். டக் டக். பின்னால் ஒருவன் ஆரம்பித்தான். ஓரத்தில் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் எட்டு இடது கைகளும் தட்டிக்கொண்டிருந்தன, எட்டு வாய்களும் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. எனக்கு அது பழகின சத்தம். மின்விசிறிச் சத்தம் மாதிரி, காதில் விழுவதே இல்லை.

கண்ணாடிக்காரர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். மியூட்டைப் பார்த்தார். பின்னால் பார்த்தார். திரும்ப மியூட்டைப் பார்த்தார். பிறகு, எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் வையுங்கள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த மாதிரி சிக்னல் கொடுக்கிறது இங்க எத்தனை நாளா நடக்குது?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. அது சிக்னல் இல்லை, கையால் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று விரல், டப்பா, பஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் முழுதும் கேட்டார். நடுவில் இருக்கிற பெண் தட்ட ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள், அவள் உங்கள் வீட்டுப் பெண் என்று நீங்களே சொன்னீர்கள், இப்போது நீங்கள் கொடுக்கிற விளக்கத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் ஒரு வழி சொன்னார். அந்தப் பெண்ணை இப்போதே எல்லார் முன்னிலையிலும் கேட்பார். அவள் தானாகச் சிந்திக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தால் தேர்வு தொடரும், அதையே அவளுடைய வாய்மொழித் தேர்வாகவும் வைத்துக்கொள்வார். தெரியாவிட்டால் எட்டுப் பேரின் தேர்வும் ரத்து, மேலிடத்துக்கு எழுதுவார். "நீங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது மேடம்" என்றார்.

யாரிடம் சொல்கிறார் பாருங்கள். சரி என்று தலையாட்டிவிட்டு லேப்பின் பின்சுவரில், பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மியூட் எழுந்து வெள்ளைப் பலகை அருகே வந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவர் பலகையில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். நாலு டப்பா, சில வரிகளையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஒரு சுற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஓட்டிவிடும். எழுதிவிட்டு, "கையைப் பின்னால கட்டிக்கோ. கடைசியில என்ன வரும்னு சொல்லு" என்றார்.

அவள் கையைப் பின்னால் கட்டினாள். பக்கவாட்டில் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து அசைந்தது. முதுகுக்குப் பின்னால் இடது கை விரல்கள் துடிப்பது எனக்குத் தெரிந்தது. கட்டிய கையை வலது கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய குரலில் ஓர் எண் சொன்னாள். தவறு. இன்னோர் எண் சொன்னாள். அதுவும் தவறு. பிறகு அவள் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளபடி சொல்கிறேன், அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் எடுத்தார்.

நானும் எவ்வளவு நேரம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது?

"சார், உங்க கண்ணாடியைக் கழட்டிட்டு அந்தக் கேள்வித்தாளைப் படிங்க" என்றேன்.

எட்டுப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போச்சு, கெட்டது குடி, பிள்ளையின் வாழ்க்கையை நானே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடிக்காரர் என்னையே பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, மனிதர் உண்மையாகவே கண்ணாடியைக் கழற்றினார். கேள்வித்தாளை எடுத்துக் கிட்டத்தில் பிடித்தார், எட்டப் பிடித்தார், கண்ணை இடுக்கினார். தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா, கையை எடுத்துக்கோ" என்றார் மியூட்டிடம். "ஆனா உள்ளுக்குள்ள முணுமுணுக்கக் கூடாது. எந்த விரல்ல என்ன இருக்குன்னு எனக்கும் கேட்கணும்."

அவர் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். ஓர் அறைக்கு டைல்ஸ் போடுகிற கணக்கு. முதல் வரியில் நீளம் ஏழு. இரண்டாவதில் அகலம் மூன்று. மூன்றாவதில் இரண்டையும் பெருக்கிப் பரப்பு. நான்காவதில், ஒரு கட்டுக்கு ஆறு டைல்ஸ். ஐந்தாவதில் மீதி என்று ஒரு டப்பா, பரப்பு எவ்வளவோ அவ்வளவு அதில். இந்த இடத்தில் அவர் ஒரு நொடி நிறுத்தி அவள் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆறாவது வரியை எழுதினார்: எண்ணிக்கை, பூஜ்யம். அதன் கீழே ஒரு சுற்று: மீதி பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை, மீதியில் ஒரு கட்டைக் கழி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. கடைசி வரி: எண்ணிக்கையை அகலத்தால் பெருக்கி வெளியே காட்டு.

நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு டப்பா. அவளிடம் இருப்பது ஐந்து விரல். வலது கை வரியைக் காட்டப் போய்விடும். மனிதர் அமைதியாக இருந்துகொண்டே கழுத்தில் கத்தி வைக்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன்.

மியூட்டுக்கும் அது தெரிந்துவிட்டது. சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் கட்டைவிரலில் நின்றுவிட்டாள். அப்போது முன்வரிசையில் இருந்த அவளுடைய சிநேகிதி, பாவம், மனசு கேட்காமல் தன் சுண்டுவிரலை நீட்டினாள். என் விரலை வைத்துக்கொள் என்கிறாளாம். கண்ணாடிக்காரர் அதையும் பார்த்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மியூட் சிநேகிதியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு வலது கை விரலால் முதல் வரியைத் தொட்டாள். அதை ஓட்டவில்லை. விரலை மெதுவாக, ஒவ்வொரு வரியாக, கடைசி வரை இறக்கிக்கொண்டு போனாள். மறுபடி மேலே வந்தாள், மறுபடி இறங்கினாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. என்ன தேடுகிறாள் என்று, பாடம் நடத்துகிற எனக்கே தெரியவில்லை.

"சார்" என்றாள்.

அந்தக் குரல் பின்சுவர் வரை வந்தது. அவள் குரல் அவ்வளவு தூரம் வந்து நான் கேட்டதே இல்லை.

"நீளம் சுண்டுவிரல், ஏழு. அகலம் மோதிரவிரல், மூணு. ரெண்டையும் பெருக்கினா இருபத்தொண்ணு, பரப்பு, நடுவிரல். அதோட நீளத்துக்கு வேலை முடிஞ்சுபோச்சு சார். கீழ எந்த வரியிலயும் அதைக் கூப்பிடல. சும்மாதான் நிக்குது. அதனால சுண்டுவிரலை மடக்கிட்டு, எண்ணிக்கையை அதுல வெச்சுக்கிறேன்."

கண்ணாடிக்காரரின் கையில் இருந்த பேனா அசையவில்லை. "அப்ப அகலத்தையும் மடக்கிடலாமே? அதோட வேலையும் பெருக்கல்ல முடிஞ்சுதே?" என்று கேட்டார். தூண்டில் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கூடாது சார். கடைசி வரியில திரும்பக் கேட்பாங்க. மடக்கிட்டா அங்க போய் முழிக்கணும். பரப்பை வேணா மடக்கலாம். அதுல இருந்ததை மீதிக்குள்ள ஊத்திட்டாங்க, அப்புறம் யாரும் அதைத் தொடல."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மீதி இருபத்தொன்று, ஆறு போனால் பதினைந்து, சுண்டுவிரல் ஒன்று. பதினைந்தில் ஆறு போனால் ஒன்பது, சுண்டுவிரல் இரண்டு. ஒன்பதில் ஆறு போனால் மூன்று, சுண்டுவிரலும் மூன்று. மூன்று என்பது பூஜ்யத்தைவிடப் பெரியதுதானே, இன்னொரு சுற்று உண்டு என்று அவரிடமே சொன்னாள். ஒவ்வொரு எண்ணும் கணீரென்று விழுந்தது. சுற்று முடிந்தபோது சுண்டுவிரலில் நான்கு, மோதிரவிரலில் மூன்று. பன்னிரண்டு என்றாள். கையை விரித்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அண்ணன் மகள் என்பதால் இல்லை. சரி, அதனாலும்தான். ஆனால் அந்தச் சுண்டுவிரலை மடக்கலாம் என்று நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. யாருமே சொல்லித் தரவில்லை. பலகைக்கு முன்னால், எட்டுப் பேர் தேர்வு கழுத்தில் தொங்க, அங்கேயே நின்று யோசித்துப் பிடித்தாள். பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, வாக்கு கொடுத்திருக்கிறேனே. ஏற்கெனவே ஒரு தடவை மீறியாகிவிட்டது.

கண்ணாடிக்காரர் பேனாவைச் சட்டைப்பையில் போட்டார். "எந்த விரலும் காலியாகலைன்னா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார்.

மியூட் யோசித்தாள். "பக்கத்துல இருக்கிறவ விரலைக் கடன் வாங்குவேன் சார். ஆனா பரீட்சையில வாங்க மாட்டேன்."

அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மற்றவர்களைப் பார்த்து, தேர்வு தொடரலாம், தட்டிக்கொள்ளலாம் என்றார். உடனே ஏழு இடது கைகள் மேசைமேல் ஏறின. மியூட் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் எட்டாயிற்று. மீதி நேரம் முழுக்க அந்தச் சத்தம்தான். அவர் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

எல்லா அணிகளும் முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். கண்ணாடியைப் பற்றிப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கம்ப்யூட்டருக்கு உள்ளயும் இதே கதைதான் மேடம். அதுக்கும் விரல் கொஞ்சம்தான். எந்த டப்பாவுக்கு எந்த வரியோட வேலை முடியுது, அந்த இடத்தை யாருக்குக் கொடுக்கலாம்னு பார்க்கிறதுக்குத் தனியா ஒரு பாடமே இருக்கு. எனக்கு அதைக் காலேஜ்லதான் சொல்லிக் கொடுத்தாங்க. இந்தப் பொண்ணு பஸ்ல நின்னுக்கிட்டே பாதியைப் படிச்சிருக்கு."

மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி; அவர் விதி மீறுகிற ஆள் இல்லை. போகிறபோது மியூட்டின் மேசை அருகே நின்று, மேல் வகுப்பிலும் தேர்வுக்கு நான்தான் வருவேன், அப்போது ஏழு டப்பா எழுதுவேன், தயாராக இரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிநேகிதி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய், கணக்கு நடத்துகிறவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்காமலேயே சொன்னேன்.

பள்ளி வாசலில் அண்ணன் வண்டியோடு நின்றிருந்தான். வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். கேட்டால், இந்தப் பக்கம் ஒரு வேலை என்பான். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அவளிடம் கேட்டுப் பயனில்லை என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"என்ன ஆச்சு? வாயைத் திறந்தாளா?"

சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் இதை எப்படி எப்படியெல்லாம் சொல்லி அவன் மூக்கை உடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தவள் நான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவன் பயந்துபோய் வண்டியை ஸ்டாண்டு போட்டான்.

மியூட் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அத்தையால இப்ப பேச முடியாதுப்பா. நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்துக்கு நேராக இடது கையை விரித்தாள். "இது சுண்டுவிரல். இதுதான் நீளம்."